மாதம்பையில் நான் வாங்காத வீடு

வீடு வாங்கப் போகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். நான் நூற்றுப் பதினான்கு கேள்விகள் கேட்டேன். அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

நூற்றுப் பதினான்கு என்பது மிகைப்படுத்தல் அல்ல. (மிகைப்படுத்துவது என் வேலை அல்ல; அதை என் மச்சான் சேவியர் எனக்கும் சேர்த்துச் செய்துவிடுவான்.) அந்த வருடத்து நாட்குறிப்பு இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. கேள்விகள் எல்லாம் இலக்கமிட்டு, பதில்கள் எதிர்ப்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. நாற்பத்தோராம் கேள்வி: "கிணற்றில் தவளைகள் எத்தனை?" பதில்: "எண்ணவில்லை என்கிறார்." அதற்குக் கீழே சிவப்பு மையில், "நானே எண்ண வேண்டும்."

எண்ணினேன். பதினொன்று.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கொழும்புத் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் குறிப்பதுதான் தொழில். நான் எண்ணினால் இன்னொருவர் திரும்ப எண்ணத் தேவையில்லை என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

போர் வந்தது. உயிர்த்த ஞாயிறு காலை ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. கொட்டாஞ்சேனையில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்களின் தலை தெரியும். என் மனைவி பிலோமினா அப்போது மூன்று மாதம். ஏழு வருடம் காத்திருந்த பிறகு வந்த பிள்ளை. அதன் பிறகு சைரன் ஊதும்போதெல்லாம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் கீழே போவாள். மாதம் ஏற ஏற மேசை தாழ்ந்துகொண்டே வந்தது.

ஒருநாள் மேசைக்குக் கீழே இருந்தபடியே சொன்னாள்: "இஞ்ச பாருங்க. இந்தப் பிள்ளை இதுக்குக் கீழ பிறக்கக் கூடாது. எங்கயாவது, பயம் இல்லாத ஒரு கூரைக்குக் கீழ பிறக்கோணும். அவ்வளவுதான் நான் கேக்கிறது."

கொழும்பே ஊரைக் காலி செய்துகொண்டிருந்த நேரம் அது. சேவியர் வெள்ளவத்தையில் இருந்து வந்து, "ஹெந்தளையில பாருங்க அத்தான், கிட்ட" என்றான். நான் வரைபடத்தை விரித்து, கவராயத்தின் முனையைத் துறைமுகத்தில் குத்தி, நாற்பது மைலுக்கு ஒரு வட்டம் போட்டேன். ஹெந்தளை வட்டத்துக்குள்ளே கிடந்தது. மாதம்பை ஒரு நூலளவு வெளியே இருந்தது.

"குண்டு போடுறவனிட்டயும் இந்த மெப்தான் இருக்கோ அத்தான்?" என்று கேட்டான் சேவியர். அவன் கேள்வி என் பட்டியலில் இல்லை.

மாதம்பை தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு ரயில் நிலையமும் ஒரு கடைத்தெருவும் உள்ள சிற்றூர். ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் அங்கே நிறைய. நான் பார்த்த வீடு நிலையத்தில் இருந்து பதினொரு நிமிட நடை. (வேகமாக நடந்தால் ஒன்பது. இரண்டு விதமாகவும் நடந்து பார்த்தேன்.) ஐந்து பெரிய அறைகள், மூன்று பக்கமும் விறாந்தை, பின்னால் கிணறு. விலையும் என் கைக்கு எட்டுகிற விலை. குறை என்று சொன்னால், கூரையில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓடுகள் உடைந்திருந்தன. ஓடு தாங்கும் சலாகைகளைக் கறையான் தின்று முடித்திருந்தது. குசினிச் சுவர் ரயில் நிலையத்தின் பக்கமாகச் சாய்ந்து, அதுவும் ஊரை விட்டுப் போக நினைப்பதுபோல் நின்றது. பரணில் ஒரு மரநாய்க் குடும்பம், தாயும் மூன்று குட்டிகளும், நெடுங்காலம் குடியிருந்ததற்கான எல்லா அடையாளங்களோடும் இருந்தது.

இவ்வளவு நல்ல இடத்தில் இருக்கிற ஒரு வீட்டை இப்படி அழிய விட்டது யார், ஏன் என்று எந்த மடையனும் கேட்டிருப்பான். நான் மடையன் அல்லவே, கேட்கவில்லை.

விற்க வந்தவர் பெயர் மார்சலின் பர்ணாந்து. தேங்காய்த் தும்பு மில் வைத்திருந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். நான் ஏணியில் நின்று ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது கீழே நின்று தொண்டையைச் செருமினார்.

"கிளாக்கர் மாத்தயா, வாங்குறதுக்கு முன்னால ஒரு விசயம் கதைக்கோணும். உறுதி விசயம்."

"உறுதி பதினேழாவது" என்றேன் நான், எண்ணிக்கையை விடாமல். "இப்ப நாங்க முதலாவதில நிக்கிறம். நூற்றி நாப்பத்தாறு, நூற்றி நாப்பத்தேழு..."

இந்தப் பதினேழைப் பற்றி விளக்க வேண்டும். செய்ய வேண்டியவற்றை நான் பதினேழு இலக்கங்களாகப் பிரித்திருந்தேன். முதலாவது கூரை. இரண்டாவது மரநாய். பதினைந்தாவது, கொட்டாஞ்சேனை வீட்டைத் திருப்பிக் கொடுத்தல். பதினாறாவது, தேவாலயத்துச் சுவாமியாரை அழைத்து வீடு மந்திரித்தல். பதினேழாவது, நொத்தாரிசிடம் உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், எழுதுதல். உறுதி ஏன் கடைசி என்று இன்றைக்குப் பலர் கேட்கிறார்கள். துறைமுகத்தில் பழகிய பழக்கம் அது. சாமான் முழுவதும் இறங்கி, உடைசல் பார்த்து, எண்ணி முடித்த பிறகுதான் டாலி கிளார்க் கையெழுத்துப் போடுவான். முன்கூட்டிக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு வேலை நிலைக்காது. போதாததற்கு, எனக்குத் தெரிந்த நொத்தாரிசு குண்டுக்குப் பயந்து மலைநாட்டுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை மழை காத்திருக்காது. ஆகவே, திருத்தி முடித்த வீட்டுக்கு உறுதி எழுதுவோம் என்று நானே முடிவு செய்து, மார்சலினிடம் அறிவித்தேன்.

அவர் ஏணிக்கு இன்னும் கிட்ட வந்தார். "முதல்ல திருத்தப் போறீங்களா? உங்கட செலவிலயா?"

"ஓம்."

"மெத்தச் சந்தோசம்" என்றார்.

இரண்டாம் தடவை அவர் வாய் திறந்தது கிணற்றடியில். அப்போது நான் தவளைகளோடு இருந்தேன். மூன்றாம் தடவை ரயில் நிலையத்தில். என் ரயில் நகரத் தொடங்கிவிட்டது. அவர் பக்கத்தில் ஓடிவந்தார். அவருடைய உடம்புக்கு அது சின்ன விஷயம் அல்ல.

"மாத்தயா, என்ட அண்ணன்மாரும் அக்காவும்..."

"எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்க!" என்று நான் ஜன்னலால் கை ஆட்டினேன். "வீடு மந்திரிக்கிற அண்டைக்கு!"

எட்டுச் சனிக்கிழமைகள் மாதம்பைக்குப் போய்வந்தேன். தச்சு வேலைக்கு ஒருவரைப் பிடித்தேன். (அங்கே கைவேலைக்காரர் எல்லோருக்கும் 'பாஸ்' என்றுதான் பெயர்.) சலாகைகளை மாற்றி, ஓடுகளைக் கழுவி, ஒவ்வொன்றின் அடியிலும் வரிசை இலக்கம் சோக்கால் எழுதி மேலே அனுப்பினேன். பாஸ் நாலாவது வரிசையில் குந்தியிருந்து கேட்டார்: "மாத்தயா, மழைக்கு வாசிக்கத் தெரியுமா?"

மரநாய்க் குடும்பம் ஐந்தாவது சனிக்கிழமை தானாகவே வெளியேறியது. சோக்கு வாசனை பிடிக்கவில்லை போலும். குசினிச் சுவரை இடித்துக் கட்டினோம். ஆறாவது சனிக்கிழமை பாஸ் கூரையில் ஏழு வாளி தண்ணீர் ஊற்ற, நான் உள்ளே அண்ணாந்தபடி அறை அறையாக நடந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. அன்றைய குறிப்பில் "ஒழுக்கு: இல்லை" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் இரண்டு கோடு போட்ட இடங்கள் குறைவு.

பதினைந்தாவது இலக்கத்தையும் முடித்தேன். வீட்டுச் சொந்தக்காரர் கொட்டாஞ்சேனை வீட்டை மறுநாளே ஒரு கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். பிலோமினாவின் மேசை நின்ற இடத்தில் அரிசி மூட்டைகள் அடுக்கினார்கள். எங்கள் சாமான்கள் மாதம்பைக்கு ரயிலேறின. பிலோமினா எட்டாம் மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு மந்திரிப்பு. கொழும்பில் இருந்து சேவியர் குடும்பமும் என் சீஃப் கிளார்க்கும் வந்திருந்தார்கள். நான் கழுத்துப் பட்டி கட்டியிருந்தேன். மாதம்பையில் அன்றைக்குக் கழுத்துப் பட்டி கட்டிய ஒரே ஆண் நான்தான். பதினான்கு பேருக்குக் கேக் வெட்டி வைத்திருந்தோம். பத்தேகால் மணிக்கு முற்றத்தில் நான் எண்ணியபோது அறுபத்தொரு பேர். மாட்டு வண்டியில் வந்தார்கள், நடந்து வந்தார்கள். கையை வீசிக்கொண்டு ஒருவரும் வரவில்லை. அரிசி, பலாக்காய், கால் கட்டிய கோழி, ஒரு பெண் தலையில் பெரிய சட்டியோடு. வந்தவர்கள் நேரே உள்ளே போய், கூரையை அண்ணாந்து பார்த்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள்.

"அயலவர் எண்டா இப்படி இருக்கோணும், சேர்" என்றேன் சீஃப் கிளார்க்கிடம். அவர் குடையில் சாய்ந்து நின்று, "ரிமார்க்கபிள்" என்றார்.

சுவாமியார் வந்தார். மந்திரிப்பில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுத் தலைவர் எரிகிற மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு முன்னே நடப்பார். சுவாமியார் தீர்த்தம் தெளித்தபடி அறை அறையாகப் பின்னே போவார். சுவாமியார் திரியை ஏற்றி உயர்த்திப் பிடித்தார்.

"வீட்டுக்காரர் முன்னால வாங்க."

நான் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்வைத்தேன். எனக்கு வலப்பக்கத்தில் மார்சலினும் ஓரடி முன்வைத்தார். அவருக்கு அப்பால் மீசை வைத்த ஒருவர். இடப்பக்கத்தில் இரண்டு பேர். பின்னால் இருந்து ஒரு தடித்த அம்மாள், சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு. கடைசியாக, பஸ் கொண்டக்டர் உடுப்போடு ஒருவர். திரி ஒன்று, நீட்டிய கை ஏழு.

சுவாமியார் வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார்.

"தம்பி, நீங்க ஆர்?"

நான் கழுத்துப் பட்டியை இன்னொரு தரம் சரிசெய்தேன். சேவியர் பின்னால் இருந்து, ஊருக்கே கேட்கிற ரகசியக் குரலில் சொன்னான்: "அத்தான், சுவாமி கேக்கிறார். நீங்க ஆரெண்டு சொல்லுங்க. எங்களுக்கும் தெரிஞ்சுகொள்ளலாம்."

"நான்... இந்த வீடு..." என்றேன்.

"இது பெரிய பர்ணாந்துட வீடு" என்றார் சுவாமியார் அன்பாக. "அவர் செத்துப் பதினொரு வருசம். ஏழு பிள்ளையளுக்கும் பிரிபடாத பங்கு. ஆறு பேர் இஞ்ச நிக்கினம். ஏழாவது ஆள் சிங்கப்பூரில."

நான் மார்சலினைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார். "மூண்டு தரம் சொல்ல வந்தனான் மாத்தயா. ரயிலுக்குப் பின்னாலயும் ஓடினனான். நீங்க பதினேழாவது எண்டு சொன்னீங்க."

பிரிபடாத பங்கு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். (எனக்கும் அன்றுதான் தெரியும்.) ஏழு பேருக்கு ஒரு வீடு என்றால், ஆளுக்கு ஒரு அறை என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு ஓட்டிலும், ஒவ்வொரு கதவிலும், கிணற்றின் ஒவ்வொரு தவளையிலும் எல்லோருக்கும் ஏழில் ஒன்று. மார்சலின் எனக்கு விற்கக்கூடியது அந்த ஏழில் ஒன்றைத்தான். முழு வீடும் வேண்டுமென்றால் ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஏழாவது ஆள் போர் முடியும்வரை கடிதத்துக்குக்கூட எட்டாத இடத்தில் இருந்தார். மார்சலின் கெட்ட மனிதர் அல்ல. ஆறு பேரையும் சம்மதிக்க வைத்து, ஏழாவதுக்கு ஒரு வழி கேட்கலாம் என்று நினைத்து என்னிடம் வாய் திறந்தவர், நான் ஓடு மாற்றத் தொடங்கியதும் வாயடைத்துப் போனார்.

மீசைக்காரர்தான் மூத்த அண்ணன். அவர் முன்னால் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"கொழும்பு மாத்தயா, அப்பா செத்த நாளில இருந்து இந்தக் கூரை ஒழுகுது. ஒருத்தன் ஓடு வாங்கினா ஆறு பேருக்கு லாபம் எண்டு நாங்க ஒருத்தரும் ஒரு ஓடும் வாங்கயில்ல. பதினொரு வருசம்! ஆரெண்டே தெரியாத நீங்க வந்து..." கூட்டத்தின் பக்கம் திரும்பி, கூரையைக் கை காட்டினார். அறுபத்தொரு பேரும் கை தட்டினார்கள். சீஃப் கிளார்க்கும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

என் காதில் அது ஒன்றும் ஏறவில்லை. அரிசி மூட்டைகள்தான் கண்ணுக்குள் நின்றன. திரும்பிப் போக வீடு இல்லை. தங்க வந்த வீடு என்னுடையது இல்லை. பிள்ளை பிறக்க இன்னும் ஐந்து வாரம். பிலோமினா விறாந்தையில், இருந்த ஒரே கதிரையில், வயிற்றின் மேல் கையை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூட நான் பதினேழு இலக்கத்துக்குள் தொலைத்துவிட்டேன்.

சேலைத் தலைப்பைச் செருகியிருந்த அம்மாள் திரிக்கு நீட்டிய கையை இறக்கிக்கொண்டு நேரே பிலோமினாவிடம் போனாள். அவள் பெயர் அக்னஸ். மூத்த சகோதரி, ஊர் மருத்துவிச்சி. குனிந்து, ஒரு வார்த்தை கேட்காமல் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"எட்டு முடியுதோ?"

"ஓம், அக்கா."

"திரும்பிப் போக வீடு இருக்கோ?"

பிலோமினா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அக்னஸ் நிமிர்ந்தாள். "கேட்டுக்கொள்ளுங்க எல்லாரும். இந்தப் பிள்ளை என்ட பங்கில இருக்கட்டும்."

"உன்ட பங்கு எதக்கா?" என்று கேட்டார் கொண்டக்டர் தம்பி. சண்டைக்கு அல்ல, பழக்கத்தால்.

"எல்லா அறையிலயும் இருக்கு. சட்டம் தெரியாட்டி சுவாமியைக் கேளு. நான் விரும்பின அறையில நான் விரும்பின ஆளை வைப்பன். ஏலாதெண்டு சொல்லுறவன் முன்னால வரட்டும். அவனும் என்ட கையிலதான் பிறந்த பிள்ளை வச்சிருக்கிறான், ஞாபகம் இருக்கட்டும்."

ஒருவரும் வரவில்லை. மீசைக்கார அண்ணனுக்கு மட்டும் ரோசம் வந்துவிட்டது. "உன்ட பங்கு மட்டும் என்னத்துக்கு? என்ட பங்கிலயும் இருக்கட்டும்!"

"எனக்கும் பங்கு இருக்கு" என்றார் கொண்டக்டர், அடிபட்ட குரலில்.

பத்து நிமிடத்துக்குள் ஆறு பேரும் தங்கள் தங்கள் பங்கில் என் மனைவியை இருத்திவிட்டார்கள். சிங்கப்பூர்க்காரருக்காகச் சுவாமியார் பொறுப்பேற்றார். வாடகை வேண்டாம், கூரையே வாடகை என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். பதினொரு வருடத்தில் அந்தக் குடும்பம் ஒத்துப்போன முதல் விஷயம் நாங்கள்தான் என்று பிறகு மார்சலின் என்னிடம் சொன்னார்.

பிலோமினா சிரித்தாள். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். முதலில் வாயை மூடிக்கொண்டு, பிறகு முடியாமல், கதிரை ஆடும்வரை சிரித்தாள்.

"நல்ல காலம் நீங்க வாங்கயில்ல" என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "வாங்கியிருந்தா கிழமை நாளில நீங்க கொழும்பில, நான் இஞ்ச தனிய. இப்ப பாருங்க, ஒரு மருத்துவிச்சியும் ஆறு குடும்பமும்."

நான் இதை என் பட்டியலில் எங்கே சேர்ப்பது என்று யோசித்தேன். இடமில்லை. அன்று மத்தியானம், நூலளவுகூட நான் சொந்தம் கொண்டாட முடியாத அந்த வீட்டில், அறுபத்தொரு பேரோடு தரையில் பாய் விரித்து இருந்து சோறு தின்றேன். கழுத்துப் பட்டியை எப்போது கழற்றினேன் என்று நாட்குறிப்பில் இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கிழமை முழுவதும் நான் கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பர் வீட்டு முன்னறையில் படுத்து, சனிக்கிழமைகளில் ரயிலேறினேன். போகும்போதெல்லாம் பிலோமினாவைச் சுற்றி யாராவது இருந்தார்கள். சில சனிக்கிழமைகளில் அவளை அடையாளம் காணவே நேரமெடுத்தது. சிங்களத்தில் சண்டை போடவும் தொடங்கியிருந்தாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு காலை வலி கண்டது. அதே நேரம் மழையும் தொடங்கியது. மாதம்பை மழை கொழும்பு மழை அல்ல. தென்னைகளை மேலிருந்து அடித்துக்கொண்டு வரும். அக்னஸ் என்னை அறையில் இருந்து வெளியே தள்ளினாள். "நீங்க இஞ்ச நிண்டா மூச்சை எண்ணுவீங்க. போங்க, போய் ஏதாவது எண்ணுங்க!"

எனக்கு எண்ண ஒன்றும் அகப்படவில்லை. ஒரு வெண்கலச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக, அண்ணாந்து பார்த்தபடி நடந்தேன். ஐந்து அறை, திரும்ப ஐந்து அறை. மேலே ஆயிரம் குதிரை ஓடுகிற சத்தம். உள்ளே ஒரு சொட்டு இல்லை. கொண்டக்டர் என் பின்னால் நடந்தார், மார்சலின் அவர் பின்னால் நடந்தார். மூன்று பேரும் அண்ணாந்தபடி. எந்தச் சுற்றில் என்று தெரியாது, அடைத்த கதவுக்குப் பின்னால் இருந்து, மழையையும் மிஞ்சிக்கொண்டு ஒரு குரல் கேட்டது. புதுக் குரல். நான் சட்டியைக் கீழே போட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பத்தொன்பது வயது. போர் முடிந்து நாங்கள் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிவிட்டோம். மாதம்பை வீடு இன்றைக்கும் பிரிபடாமல் நிற்கிறது. சிங்கப்பூர்க்காரரும் பத்திரமாக வந்து சேர்ந்து, தன் ஏழில் ஒன்றை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஒவ்வொரு பிறந்தநாளிலும், சேவியர் தூண்டிவிட, என் மகள் அலுமாரியில் இருந்து அந்த வருடத்து நாட்குறிப்பை எடுத்துவந்து, விருந்தாளிகள் முன்னால் நின்று, சுவாமியார் வாசகம் வாசிக்கிற குரலில் அந்த நாளின் பக்கத்தை வாசிப்பாள். தவளைக்கு ஒரு பக்கம், மரநாய்க்கு இரண்டு பக்கம் எழுதிய மனிதன், தன் பிள்ளை பிறந்த அன்று எழுதியது இவ்வளவுதான்:

"மகள். பெருமழை. ஒழுக்கு இல்லை."

நேரம் இல்லை, நிறை இல்லை, தாய் எப்படி என்றுகூட இல்லை. எல்லோரும் சிரித்து முடியும்வரை பிலோமினா காத்திருப்பாள். பிறகு கேக் வெட்டுகிற கத்தியை என் பக்கம் நீட்டிச் சொல்வாள்: "மூண்டு வசனம். அதில ரெண்டு கூரைக்கு."

எண்ணிப் பார்த்துவிட்டேன். கணக்குச் சரி.